மருத்துவக் காப்பீட்டில் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்சப் பலன்கள்: பெங்களூருத் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மருத்துவக் காப்பீடு விற்க வருபவர் போனஸ், இலவச உடல் பரிசோதனை, ஆப் வழியாக டாக்டர் ஆலோசனை என்று கூடுதல் சலுகைகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். எந்த நிறுவனத்தின் பாலிசியாக இருந்தாலும் கொடுத்தே ஆக வேண்டியவை எவை என்பதை அவர் சொல்வது அரிது. க்ளெய்ம் நேரத்தில் குடும்பத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தக் கட்டாயப் பலன்களே. அல்சூர், சிவாஜிநகர், ஶ்ரீராமபுரம் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஒயிட்ஃபீல்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்காக வந்தவர்கள், சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ பெற்றோரைச் சிகிச்சைக்கு இங்கே அழைத்து வருபவர்கள் ஆகிய எல்லோருக்கும் பயன்படும்படி, பாலிசி வாங்குவதற்கு முன் தொடங்கி க்ளெய்ம் மறுக்கப்பட்ட பின் செய்ய வேண்டியது வரை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

இந்த உரிமைகளுக்கு அடிப்படையாக இருப்பவை 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டமும், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிடும் விதிமுறைகளும் ஆகும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிமுறைகளும், அதே ஆண்டு மே 29 அன்று வெளியான மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கையும் பல கணக்குகளை மாற்றிவிட்டன. பழைய விளம்பரத் தாள்களிலும் கட்டுரைகளிலும் முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்பு 48 மாதம், சொல்லாத நோயைக் காட்டி மறுக்கக்கூடிய காலம் 8 ஆண்டு, பாலிசியைத் திருப்பிக் கொடுக்க 15 நாள் என்றெல்லாம் இன்னும் காணப்படும். அவை 2024-க்கு முந்தைய கணக்குகள். அவற்றை நம்பி உரிமையை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

படி 1: அளவுகோல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

2020 ஏப்ரல் 1 முதல், மருத்துவக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற ஒரே மாதிரியான பாலிசியை விற்க வேண்டும் என்று ஆணையம் கட்டாயமாக்கியது. பிரீமியம் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பலன்களும் நிபந்தனைகளும் மாறா. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும் வீடு திரும்பிய பின் 60 நாள் செலவும் இதில் அடங்கும். அறை வாடகை நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், உச்சவரம்பு 5,000 ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு அல்லது 40,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. ஆயுர்வேதம், சித்தா போன்ற ஆயுஷ் மருத்துவமனைச் சிகிச்சையும் உண்டு. ஒவ்வொரு க்ளெய்மிலும் 5 சதவீதத்தை நாம் ஏற்க வேண்டும்.

இதையே வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பெங்களூருவின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் 5,000 ரூபாய்க்குள் தனி அறை கிடைப்பது கடினம் என்பதால், பலருக்கு இது போதாது. ஆனால் உங்களுக்குக் காட்டப்படும் எந்தப் பாலிசியையும் இதன் அருகில் வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் அது இதைவிடக் கீழே இறங்குகிறது என்பது உடனே தெரிந்துவிடும். அதிக பிரீமியம் வாங்கிக்கொண்டு கண்புரைக்கு இதைவிடக் குறைவாகத் தரும் பாலிசியை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கும் தெளிவு அப்போதுதான் வரும்.

படி 2: விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

பிற்காலத்தில் வரும் பெரும்பாலான சண்டைகளுக்கு விதை விழுவது இந்த இடத்தில்தான். முகவர் அவசரத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று டிக் செய்துவிட்டு ஓடிபி கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால், அதை எழுத்தில் சொல்லுங்கள். பிரீமியம் சற்றுக் கூடலாம், ஆனால் க்ளெய்ம் நேரத்தில் 'மறைத்துவிட்டீர்கள்' என்ற வாதத்துக்கு இடமிருக்காது.

முன்பே இருந்த நோய் எது என்பதற்கும் விதிமுறையில் எல்லை உண்டு. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது அந்தக் காலத்துக்குள் மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய் மட்டுமே அந்த வரையறைக்குள் வரும். அப்படிப்பட்ட நோய்க்கும், பணம் தராமல் அதிகபட்சம் 36 மாதங்கள்தான் காத்திருக்கச் சொல்லலாம். குடலிறக்கம், கண்புரை, மூட்டு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கான காத்திருப்புக் காலத்துக்கும் அதே 36 மாதம்தான் உச்சவரம்பு; விபத்தால் நேர்ந்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது. நிறுவனங்கள் இதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

பெற்றோருக்காக வாங்குபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடே கிடையாது என்ற பேச்சு இப்போது செல்லாது. எல்லா வயதினருக்கும் ஏதேனும் ஒரு பாலிசியை நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பதே இன்றைய விதி. ஒவ்வொரு பாலிசியிலும் எல்லா வயதினரையும் சேர்க்க வேண்டும் என்பது அதன் பொருளன்று. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த நினைத்தால் முதலில் ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது.

படி 3: பாலிசி கைக்கு வந்த 30 நாட்களை வீணாக்காதீர்கள்

பாலிசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். காப்பீடு அமலில் இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

பாலிசியுடன் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' வந்தாக வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் இதன் புதிய வடிவம் நடைமுறையில் இருக்கிறது. காப்பீட்டுத் தொகை, எவை அடங்கும், எவை அடங்கா, காத்திருப்புக் காலங்கள், துணை உச்சவரம்புகள் (ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாக வைக்கும் வரம்புகள்), க்ளெய்ம் செய்யும் முறை, புகார் செய்ய வேண்டிய இடம் ஆகியவை சில பக்கங்களில் எளிய மொழியில் இருக்கும். வாடிக்கையாளர் விரும்பினால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்பது விதி. பல நிறுவனங்கள் தமிழ்நாட்டுக்காகத் தமிழ்த் தாளை வைத்திருப்பதால், பெங்களூருவில் இருப்பவர்களும் தமிழில் கேட்டுப் பார்க்கலாம். அந்தத் தாளில் துணை உச்சவரம்பு என்ற வரிசையை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். அறை வாடகைக்கு எதிரே எழுதியிருக்கும் எண்ணே பிறகு பெரிய செலவைத் தீர்மானிக்கிறது. எப்படி என்பதைப் படி 6-இல் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

படி 4: மறுக்க முடியாத சிகிச்சைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் வீடுகளில் வெளியே சொல்லத் தயங்கும் நோய்களே இந்தப் பகுதியில் வருகின்றன என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டாயப்படுத்துகிறது. அச்சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. இருந்தும் 'மனநோய் அடங்காது' என்ற வரியைப் பல பாலிசிகள் நெடுநாள் சுமந்துகொண்டிருந்தன. 2021-இல் டெல்லி உயர்நீதிமன்றம், அந்த வரியைக் காட்டி க்ளெய்மை மறுத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2022 அக்டோபரில் ஆணையமும் எல்லா நிறுவனங்களுக்கும் கெடு வைத்துச் சுற்றறிக்கை அனுப்பியது.

ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் நாள்தோறும் குடும்பங்கள் வருகின்றன. அவர்களில் காப்பீடு உள்ளவர்கள்கூட, இதற்கெல்லாம் தரமாட்டார்கள் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு கேட்காமல் விட்டுவிடக் கூடாது. படுக்கையில் சேர்ந்து எடுக்கும் மனநலச் சிகிச்சைக்கு, இருதயச் சிகிச்சைக்குக் கேட்பது போலவே கேட்கும் உரிமை இருக்கிறது. வெளிநோயாளியாகச் செல்லும் ஆலோசனைக் கட்டணம் மட்டும், உங்கள் பாலிசியில் வெளிநோயாளிப் பலன் இருந்தால்தான் கிடைக்கும். காய்ச்சலுக்கும் அதே நிலைதான்.

2017-ஆம் ஆண்டின் எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டமும், தக்க காப்பீட்டுக் கணிப்பு ஆய்வுகளின் ஆதாரம் இல்லாமல் எச்ஐவி உள்ளவருக்குக் காப்பீட்டை மறுப்பதைப் பாகுபாடு என்று தடைசெய்கிறது. ரோபோ அறுவை, வாய்வழி கீமோதெரபி, கண்ணுக்குள் போடும் ஊசி உள்ளிட்ட 12 நவீன சிகிச்சை முறைகளை அறவே விலக்கி வைக்கக் கூடாது என்று 2019-இல் ஆணையம் வகுத்தது. ஆனால் அவற்றுக்கு உச்சவரம்பு வைக்கலாம். ஆரோக்கிய சஞ்சீவனியில் அது காப்பீட்டுத் தொகையில் பாதி.

படி 5: வேலை மாறும்போதும் புதுப்பிக்கும்போதும் கோர்வை அறுந்துவிடாமல் பாருங்கள்

காப்பீட்டில் காலம்தான் சொத்து. பாலிசி இடைவெளியின்றி 60 மாதங்கள் ஓடிவிட்டால், அதன்பின் 'நீங்கள் முன்பே சொல்லவில்லை' என்ற காரணத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிறுவப்பட்டால் மட்டுமே மறுக்கலாம். பாலிசியில் நிரந்தரமாக விலக்கப்பட்டவை இதற்குள் வரா. இடையில் காப்பீட்டுத் தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தியிருந்தால், கூடுதலான 5 லட்சத்துக்கு 60 மாதக் கணக்கு உயர்த்திய நாளிலிருந்துதான் தொடங்கும்.

முந்தைய ஆண்டில் க்ளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. தவணை தவறினால், ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாளும் மாதத் தவணைக்கு 15 நாளும் அவகாசம் உண்டு. வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் காத்திருந்த காலத்தின் பலன் கூடவே வரும். அதற்கான விண்ணப்பத்தைப் புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன்பே கொடுத்துவிடுவது பாதுகாப்பானது.

பெங்களூருவில் ஐடி வேலையில் இருப்பவர்கள் பலர் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டை மட்டுமே நம்பி இருக்கிறார்கள். வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பு நின்றுவிடும். அந்த நேரத்தில், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு, காத்திருப்புக் காலப் பலனுடன் மாறிக்கொள்ளும் வசதி விதிமுறையில் இருக்கிறது. ராஜினாமா கடிதம் கொடுத்தவுடனேயே மனிதவளப் பிரிவிடம் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், நீங்களும் பெற்றோரும் எந்தத் தேதியிலிருந்து சேர்க்கப்பட்டிருக்கிறீர்கள் என்ற விவரம் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு அலுவலக மின்னஞ்சல் முடக்கப்பட்டுவிட்டால், இந்தத் தாள்களைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடாகிவிடும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, அவர்கள் பணியிடம் ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பில் இருந்தால், வேறு வகையான கட்டாயக் காப்பீடு இருக்கிறது. பீன்யாவின் பட்டறைகளிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் இதில் வருவார்கள். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் என்று செலுத்தும் இந்தத் திட்டத்தில் முன்பே இருந்த நோய், காத்திருப்பு என்ற பேச்சு தனியார் காப்பீட்டைப் போல வருவதில்லை. குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டு. தகுதி உள்ளவருக்கு நோய்விடுப்பில் 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும், பெண்களுக்கு 26 வார மகப்பேறு ஊதியமும் உண்டு. ராஜாஜிநகர், இந்திராநகர், பீன்யா ஆகிய இடங்களில் ஈஎஸ்ஐ மருத்துவமனைகள் இருக்கின்றன. சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தும் அட்டை கைக்கு வரவில்லை என்றால், மேலாளரிடம் இன்றே கேளுங்கள்.

படி 6: மருத்துவமனையில்

நாம் பணம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கொடுப்பதுதான் கேஷ்லெஸ். அந்தக் கோரிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவைச் சொல்ல வேண்டும். வீடு திரும்பும் நாளில், இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால், அதை நிறுவனமே தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால், க்ளெய்மை உடனே முடித்து உடலைக் குடும்பத்திடம் ஒப்படைக்க வழிசெய்ய வேண்டும்.

இந்த 3 மணி நேரத்தை எந்தக் கணத்திலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். காலை 10 மணிக்கு டாக்டர் வந்து 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகி, மருந்தகம் மீதி மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பில்லிங் பிரிவு கணக்கை முடித்து, இன்சூரன்ஸ் டெஸ்க் எல்லாவற்றையும் அனுப்பும்போது மணி 2 ஆகியிருக்கும். விதியின் கணக்கு தொடங்குவது அந்த 2 மணிக்கு, காலை 10 மணிக்கு அல்ல. எனவே டாக்டர் கையெழுத்திட்டவுடன் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குச் சென்று, இறுதி பில் எப்போது அனுப்பப்படும் என்று கேளுங்கள். அனுப்பியபின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் பத்திரப்படுத்துங்கள். தாமதம் மருத்துவமனையுடையதா, காப்பீட்டு நிறுவனத்துடையதா என்பதற்கு அதுவே சாட்சி.

இனி அறை வாடகைக் கணக்கு. எடுத்துக்காட்டாக, 3 லட்சம் ரூபாய்ப் பாலிசியில் அறை வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 6,000 ரூபாய் அறையில் 4 நாள் தங்கினார். அறை வாடகை 24,000, அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்கள் 1,00,000, உள்ளே பொருத்திய கருவி 60,000, மருந்துகள் 30,000, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் 16,000 என்று மொத்த பில் 2,30,000 ரூபாய். அறை வரம்பைப் போல இரு மடங்கு என்பதால் மொத்த பில்லையும் பாதியாக வெட்டி 1,15,000 ரூபாய் மட்டும் தந்தால், அது தவறு. அறை வாடகை வரம்பைத் தாண்டிய அதே விகிதத்தில் மற்றக் கட்டணங்களையும் குறைக்கும் இந்த விகிதாசாரக் கழிவை மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் மீது செலுத்தக் கூடாது என்று 2020-இல் ஆணையம் தெளிவுபடுத்தியது. அதன்படி அறைக்கு 12,000, மருத்துவர் மற்றும் அரங்குக் கட்டணங்களுக்கு 50,000, மற்றவை முழுதாக 1,06,000 என்று 1,68,000 ரூபாய் கிடைக்க வேண்டும். வித்தியாசம் 53,000 ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணங்களுக்கும், அறையின் தரத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளுக்கும் இந்தக் கழிவே பொருந்தாது. உங்கள் பாலிசியில் 'தொடர்புடைய மருத்துவச் செலவுகள்' என்ற வரையறையைத் தேடி, நிறுவனம் கழித்த விவரத் தாளுடன் வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் க்ளெய்மே போய்விட்டது என்று மனம் தளர வேண்டியதில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, மூல பில்களுடன் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். இரண்டு பாலிசிகள் இருந்தால், முதலில் எதில் கேட்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. பணம் தருவதில் தாமதித்தால் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டியும் நிறுவனம் சேர்த்துத் தர வேண்டும்.

படி 7: மறுத்துவிட்டால்

மறுப்பை வாய்மொழியாக ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறோம் என்பதைக் குறிப்பிட்டு நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். நிறுவனத்துக்குள் இருக்கும் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்பதும் 2024-இன் விதி. எனவே உங்கள் முதல் கடிதத்தில், அந்தக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டதா என்று கேளுங்கள்.

அந்தக் கடிதத்தை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். உடன், காப்பீட்டு ஆணையத்தின் 'பீமா பரோசா' புகார் இணையதளத்திலோ 155255 என்ற இலவச எண்ணிலோ புகாரைப் பதிவு செய்து, எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) போகலாம்; நிறுவனத்தின் பதில் கிடைத்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கர்நாடகத்துக்கான அலுவலகம் ஜே.பி. நகர் முதல் கட்டத்தில், ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் தீர்மானிக்கலாம். அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் புகார்தாரருக்குச் சேர்த்துத் தர வேண்டும்.

இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ முதலில் வழக்குப் போட்டுவிட்டால், குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுத்துக்கொள்ளமாட்டார். மறுபக்கம், அவருடைய தீர்ப்பு உங்களுக்குத் திருப்தி தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாலிசி சென்னையில் வாங்கியதாக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பெங்களூரு மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பாலிசிக்குச் செலுத்திய பிரீமியம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் காலக்கெடு என்பதால், மறுப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.